ஒரே அறையில் ஐந்து பேர்: ஊரடங்கில் மனசைப் பார்த்துக்கொள்வது எப்படி?

2020-இல் கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் மனநலம் பற்றி அறிவுரைகள் குவிந்தன. அமைதியான இடத்தில் கண்ணை மூடி உட்காருங்கள், பால்கனியில் செடி வையுங்கள், வீட்டு வேலைக்கு ஒரு மூலை, அலுவலக வேலைக்கு ஒரு மூலை என்று ஒதுக்குங்கள் என்றார்கள். நல்ல அறிவுரைகள்தான். ஆனால் அவை தனி அறை இருக்கிற வீடுகளுக்கானவை. நாங்கள் இருப்பது ராயபுரத்தில், பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கிற ஒரு ஸ்டோர் வீட்டில். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அதில் நான், என் கணவர், மாமியார், எட்டாவதும் நாலாவதும் படித்த இரண்டு பிள்ளைகள். ஆறு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு அடிகுழாய், இரண்டு கழிவறை, ஒரு மொட்டை மாடி. அந்த மே, ஜூன் மாதங்களில் சென்னையின் மண்டலங்களிலேயே ராயபுரத்தில்தான் தொற்று அதிகம் என்று தினமும் டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. பள்ளி மூடிய பிறகு மாலை நேரத்தில் என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களை போனில் கூப்பிட்டுப் பேசுவேன். அவர்கள் வீடும் பெரும்பாலும் எங்கள் வீடு மாதிரிதான். என் அக்கா அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செவிலியர். மருத்துவ விஷயமாகக் கீழே நான் சொல்வதெல்லாம் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. மற்றது எங்கள் வீட்டிலும் அந்த அம்மாக்களின் வீடுகளிலும் செய்து பார்த்தது. தொற்றோ வெள்ளமோ, எதற்காக மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க நேர்ந்தாலும் சின்ன வீட்டுக்காரர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இடத்தைப் பிரிக்க முடியாது, நேரத்தைப் பிரிக்கலாம்

சின்ன வீட்டில் மனசு கெடுவதற்கு முதல் காரணம் நோய்ப் பயம் இல்லை. எந்த நேரமும் யாராவது ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான். எட்டாவது படிக்கிற பையனுக்கு அது புரியும், சொல்லத் தெரியாது. எரிந்து விழுவான். மாமியாருக்கும் அப்படித்தான். வழக்கமாக அவனுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அவருக்குக் கோயில் இருந்தது, கணவருக்கு வேலை இருந்தது. வீடு ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஊரடங்கு அந்த முறையை நிறுத்திவிட்டது. அதை நாமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

எப்படியென்றால், ஒரு தாளை எடுத்து நாளை எழுதுங்கள். எங்கள் வீட்டில் விடியற்காலை ஐந்திலிருந்து ஆறு வரை அறை மாமியாருடையது. விளக்கேற்றுவார், பாடுவார், சும்மாவும் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, விழித்தே படுத்திருந்தாலும் சரி, அந்த நேரத்தில் அவரை எதற்கும் கூப்பிடக் கூடாது. மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை சமையல்கட்டு என்னுடையது. கதவைச் சாத்திக்கொள்வேன். யாருக்கும் காபி கிடையாது. பையனுக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஜன்னலோர இடம். எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வான்.

மாடி இல்லாதவர்களும் அறையைக் காலி செய்ய முடியாதவர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் வீட்டில் இல்லை என்று அர்த்தம். அவரோடு பேசக் கூடாது, அவரைப் பற்றியும் பேசக் கூடாது, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கக் கூடாது. அரை மணி நேரம் போதும். முதல் இரண்டு நாள் சின்னவள் சிரித்தாள். அப்புறம் அவளே தன் பொம்மையோடு சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள்.

மொட்டை மாடி இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் முறை வைக்காவிட்டால் அதுவும் சண்டைக்குக் காரணமாகிவிடும். துணி காயப்போடும் கொடியிலேயே சண்டை வந்துவிடும். எங்கள் ஸ்டோரில் மாடிப்படிக் கதவில் ஒரு காலண்டர் அட்டையை ஒட்டினோம். காலை ஏழு மணிக்குள் பெரியவர்கள் நடப்பதற்கு. பத்து மணி வரை துணி. சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளுக்கு, குடித்தனத்துக்கு அரை மணி நேரம். சாக்பீஸில் பாண்டிக் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். இரவு ஒன்பதுக்கு மேல் யாராவது ஒருவர் மட்டும் தனியாக. அந்த ஒன்பது மணி முறைக்குத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். பக்கத்துக் குடித்தனத்துக் கல்லூரிப் பெண் அந்த நேரத்தில் தோழியிடம் போனில் பேசுவாள். கடைசிக் குடித்தனத்து அக்கா போனும் எடுத்துப் போக மாட்டார். ஒருநாள் கண்ணெல்லாம் சிவந்து இறங்கி வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதும் அட்டையில் எழுதாத ஒரு விதி. மனுஷருக்கு அழுவதற்கும் ஓர் இடம் வேண்டும். கூட்டு வீட்டில் அந்த இடத்தை நாமே ஏற்படுத்திக் கொடுத்தால்தான் உண்டு.

எழும் நேரம், குளிக்கும் நேரம், படுக்கும் நேரம் மூன்றையும் மட்டும் மாற்றாதீர்கள். நடுவில் எது எப்படிப் போனாலும் பரவாயில்லை. எழும் நேரம் தள்ளிப்போனால் தூக்கம் தள்ளிப்போகும், நடு இரவில் விழித்திருந்தால் கையில் போன் இருக்கும், போனில் நல்ல செய்தி எதுவும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்க வேண்டும். 2020 ஜூலை, ஆகஸ்டில் ஞாயிறுகளில் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. சனிக்கிழமையே கறி வாங்கிவைத்துக்கொள்வோம். அன்றைக்குப் பாடம் கிடையாது, பகலில் தூங்கலாம், எல்லோருக்கும் தலைக்கு எண்ணெய். கிழமை மறந்துபோகிற வீட்டில் மனசு சீக்கிரம் சோர்ந்துவிடும். இதை நான் பேசிய பல வீடுகளில் பார்த்தேன்.

ஆளுக்கு ஒரு பொறுப்பு

போனில் அம்மாக்களிடம் பேசப் பேச எனக்கு ஒன்று தெளிவானது. வீட்டிலேயே அதிகம் வாடியவர்கள், செய்ய எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள். வீட்டு வேலையில் முதுகு ஒடிந்தவர்களுக்குக் கோபம் இருந்தது, அலுப்பு இருந்தது. ஆனால் சுருண்டு படுத்தவர்கள் தாத்தா பாட்டிகளும் வேலை போன ஆண்களும்தான். அதனால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தினமும் ஒரு வேலை இருக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் இன்னொருவருக்குக் குறை வருகிற மாதிரி உண்மையான வேலையாக அது இருக்க வேண்டும். பரிதாபப்பட்டுக் கொடுக்கிற வேலையை எந்தப் பெரியவரும் கண்டுபிடித்துவிடுவார்.

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயில் மூடியதும் பேச்சே குறைந்துவிட்டது. "அத்தை, நம்ம சொந்தத்துல யார் யார் எப்படி இருக்காங்கன்னு எனக்குத் தெரியல. நீங்க விசாரிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டேன். பேத்தி நம்பரைப் போட்டுக் கொடுப்பாள், அத்தை பேசுவார். திருவொற்றியூர், காஞ்சிபுரம், பெங்களூர் என்று ஒரு சுற்று. யாருக்குக் காய்ச்சல், யாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, யார் வீட்டில் அரிசி இல்லை என்று ராத்திரி சாப்பாட்டின்போது சொல்வார். அதில் உண்மையாகவே பலன் இருந்தது. சர்க்கரை மாத்திரை இல்லாமல் இருந்த ஒரு பெரியப்பாவுக்கு அத்தை சொல்லித்தான் ஏற்பாடு செய்தோம். அந்த வாரமே அத்தையின் குரல் பழையபடி உயர்ந்துவிட்டது.

ஆண்கள் விஷயம் கஷ்டம். எதிர்க் குடித்தனத்து அண்ணன் ஆட்டோ ஓட்டுபவர். வண்டி நின்றுவிட்டது. பகல் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். இதை மேலே சொன்ன அரை மணி நேரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நேரம் முடிந்தும் எழுந்திருக்காதவரைப் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டும். என்ன ஆச்சு, ஏன் இப்படி இருக்கீங்க என்று அவர் மனைவி கேட்கக் கேட்க அவர் இன்னும் உள்ளே போனார். என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், அத்தியாவசியப் பணி என்பதால் போய்வந்தார். அவர் ஒருநாள் அந்த அண்ணனிடம், "ஸ்டோர்ல மூணு பாட்டிங்க இருக்காங்க, ரேஷன் கடையில நிக்க முடியாது, நான் டியூட்டிக்குப் போயிடறேன், நீதான் பார்க்கணும்" என்றார். மறுநாள் அந்த அண்ணன் ஆறு கார்டையும் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே போய் நின்றார். அப்புறம் மருந்துக் கடை, கேஸ் சிலிண்டர், மாடித் தொட்டி என்று எல்லாமே அவர் கைக்குப் போனது. அவர் உடனே சரியாகிவிட்டார் என்று சொல்லவில்லை. எழுந்து குளித்துச் சட்டை போட ஆரம்பித்தார். அந்த நேரத்தில் அதுதான் வேண்டியிருந்தது.

பிள்ளைகளுக்கும் இதுதான். 'படி, படி' என்பது பொறுப்பு ஆகாது. பாட்டியின் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் வரும்போது குரல் கொடுப்பது, மளிகைப் பட்டியல் எழுதுவது, இவையெல்லாம் பொறுப்பு.

செய்திக்கு ஒரு கட்டுப்பாடு

அப்போது தினமும் மாலையில் சுகாதாரத் துறையின் எண்ணிக்கை வரும். இன்று எத்தனை பேர், சென்னையில் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. அதை எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் ஒரு தடவை பார்ப்பார். மற்றவர்களுக்கு வேண்டியதைச் சொல்வார்: புதிய கட்டுப்பாடு ஏதாவது உண்டா, கடை எத்தனை மணி வரை. அவ்வளவுதான். குணமானவர்கள் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பையன் போட்ட விதி. எட்டு மணிக்கு மேல் செய்திச் சேனல் கிடையாது.

வாட்ஸ்அப்பில் ஆம்புலன்ஸ் வீடியோ வந்தால் 'எந்த ஊர், எந்தத் தேதி' என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லாததை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். குடும்பக் குழுவில் இதைச் சொன்னால் மாமாக்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, குழுவின் சத்தத்தை அணைத்து வையுங்கள்.

நெஞ்சு அடைக்கிற மாதிரி வரும்போது

இதுதான் எனக்கு அதிகம் வந்த கேள்வி. "மிஸ், ராத்திரி ஆனா மூச்சு முட்டுது, அது வந்துடுச்சோன்னு பயமா இருக்கு." பயத்திலும் மூச்சு முட்டும், நோயிலும் முட்டும் என்பதுதான் இதில் கொடுமை.

அக்கா சொன்னது இது. பயத்தினால் வருவது திடீரென்று வரும். இதயம் படபடக்கும், கை விரல்களும் உதடும் மரத்துப்போன மாதிரி இருக்கும், வியர்க்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும். சந்தேகமாக இருந்தால், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் பாருங்கள். ஸ்டோருக்குப் பொதுவாக ஒன்று வாங்கி வைத்தாலே போதும். அளவு 94-க்குக் கீழே இருந்தால், அல்லது நாலு அடி நடந்தாலே இறைத்தால், அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், மயக்கம் வந்தாலும், பயம்தான் என்று நாமே முடிவு செய்யாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அளவு சரியாக இருக்கிறது, பயம்தான் என்று தெரிந்தால் தரையில் உட்காருங்கள். முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படட்டும். நாலு எண்ணி மூச்சை இழுங்கள், ஆறு எண்ணி வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பெரிதாக இழுத்து இழுத்து விட்டால் மரத்துப்போவது அதிகமாகும். பக்கத்தில் இருப்பவர் 'ஒண்ணுமில்ல, பயப்படாத' என்று சொல்வதை விட்டுவிட்டுக் கூடவே சத்தமாக எண்ணட்டும். அது முடிந்ததும் முகத்தில் குளிர்ந்த தண்ணீர். அறையில் கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு அம்மா, 'மிக்ஸி, மிக்ஸி மூடி, உடைஞ்ச மூடி' என்று தொடங்குவார். ஐந்துக்குள் குரல் நிதானமாகிவிடும்.

பணம்

பணம் இல்லாத கவலைக்கு மூச்சுப் பயிற்சி மருந்து இல்லை. என் பள்ளியில் பாதிச் சம்பளம்தான் கொடுத்தார்கள், அதுவும் தாமதமாக. அதைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் இரவு படுக்கையில்தான் தொடங்கும். பிள்ளைகள் தூங்குகிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் பணப் பேச்சுக்கு ஒரு நேரம் வைத்தோம்: ஞாயிறு காலை, காபி குடித்த பிறகு, நோட்டும் பேனாவுமாக. இந்த வாரம் கட்டாயம் கொடுக்க வேண்டியது, தள்ளிப்போடக் கேட்கக்கூடியது, யாரிடம் கேட்பது. மற்ற நாளில் ஞாபகம் வந்தால் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுக்க வேண்டும்.

அரசு என்ன அறிவித்திருக்கிறது என்று பார்ப்பதும் அந்த நேரத்தில்தான். அந்த ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் இலவச ரேஷனும் வந்தது. கடன் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி மார்ச் மாதமே வழி செய்தது, பிறகு அது ஆகஸ்ட் வரை நீண்டது. தள்ளிவைத்த காலத்துக்கும் வட்டி உண்டு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுத்தவர்களுக்குப் பின்னால் அதிர்ச்சி இல்லை. குழுக் கடன் வசூலுக்கு வாசலில் வந்து நின்றால் ஒரு பெண் தனியாகப் பேசாதீர்கள். குழுவில் இருக்கிற நாலு பேரும் சேர்ந்து நின்று பேசுங்கள்.

குடியும் அடியும்

இதை மறைத்துவிட்டு எழுத முடியாது. டாஸ்மாக் மார்ச் 24-ஆம் தேதி மூடியது. சென்னையில் ஆகஸ்டில்தான் திறந்தது. நிறைய வீடுகளில் பெண்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், அது உண்மை. ஆனால் வருஷக் கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், வாந்தி வரும், தூக்கம் போகும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாததைப் பார்ப்பார், பூச்சி ஊர்கிறது என்பார், ஆள் அடையாளம் தெரியாது. இது திமிர் இல்லை, பேய் இல்லை, உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், மருந்து இருக்கிறது. வார்னிஷ், ஷேவிங் லோஷன், சானிடைசர் போன்றவை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். அந்த மாதங்களில் இவற்றைக் குடித்துச் செத்தவர்கள் நம் மாநிலத்தில் உண்டு.

அடுத்தது சண்டை. ஐந்து பேர் ஓர் அறையில் இருந்தால் சண்டை வரும். குரல் உயரும், தட்டு நகரும், இரண்டு மணி நேரத்தில் யாராவது டீ போடுவார்கள். அது சண்டை. ஒருவருக்கு மட்டும் எப்போதும் பயம், ஒருவர் கை மட்டும் எப்போதும் ஓங்குகிறது என்றால் அது வேறு. அதை 'வீட்டுக்குள் இருப்பதால் டென்ஷன்' என்று சமாதானம் சொல்லாதீர்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இரண்டும் ஊரடங்கிலும் இயங்கின. ஆனால் ஒரே அறையில் அடிப்பவர் பக்கத்திலேயே இருக்கும்போது எப்படிப் பேசுவது? ஓர் அம்மாவும் நானும் ஒரு பேச்சு வைத்திருந்தோம். "மிஸ், ஹோம்வொர்க் வரல" என்று அவர் சொன்னால் நான் உடனே அவருடைய தம்பியைக் கூப்பிட வேண்டும். இப்படி ஒரு வாக்கியத்தை நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, கொஞ்சம் பணம் இவை ஒரே பையில் இருக்கட்டும்.

வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிய வீடு

மாநகராட்சி வந்து 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஒட்டிவிட்டுப் போனதும் நோயைவிட அந்தத் தாள் அதிகம் வலித்ததாகப் பலர் சொன்னார்கள். சில தெருக்களில் தகரம் வைத்து அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் 14 நாள் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்றால், தினமும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டி, பாலையோ காயையோ வாசலில் வைத்து, பத்தடி தள்ளி நின்று இரண்டு நிமிடம் பேசுங்கள். பொருளைவிடப் பேச்சு முக்கியம். எப்படி ஒட்டியது, யாரால் வந்தது என்று கேட்காதீர்கள். என்ன சமையல் என்று கேளுங்கள். நீங்கள் உள்ளே இருப்பவர் என்றால், பிள்ளைகளிடம் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டி, எந்தத் தேதியில் அது எடுக்கப்படும் என்பதைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். காரணம் தெரியாத குழந்தை, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

சாவுக்குப் போக முடியாதபோது

ஜூன் மாதம் மாமியாரின் கொழுந்தனார் திருவொற்றியூரில் தவறிவிட்டார். தொற்றினால்தான். மருத்துவமனையிலிருந்து உடலைச் சுற்றியபடியே நேராகச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள். வீட்டுக்கு வரவில்லை, மேளம் இல்லை, முகம் பார்க்கவில்லை. மாமியார் அழவும் இல்லை. அன்று முழுக்க அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவருடைய ஓரகத்தியே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டோம். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம் அத்தை போனைக் கீழே வைத்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒப்பாரி வைத்தார். அந்தப் பக்கம் அவர் அடியெடுத்துக் கொடுக்க, இந்தப் பக்கம் இவர். கொழுந்தனார் மீன் வாங்கி வருகிற பை, அவருடைய சைக்கிள் மணி, தங்கைக்குச் செய்த சீர், எல்லாம் அதில் வந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பவில்லை. ஸ்டோரில் மற்ற குடித்தனத்துப் பெண்களும் அவரவர் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். முடிந்ததும் அத்தை தலைக்குக் குளித்துவிட்டுச் சாப்பிட்டார்.

சடங்கை விடாதீர்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொன்னேன். முழுதாகச் செய்ய முடியாவிட்டால் முடிந்த அளவு. பதினாறாம் நாள் எல்லோரும் அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் படத்துக்கு விளக்கேற்றி, போனில் ஒருவர் மாற்றி ஒருவர் அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லலாம். அவருக்குப் பிடித்ததைச் சமைக்கலாம். செய்ய முடியாமல் போனதை, கட்டுப்பாடு தளர்ந்ததும் செய்ய ஒரு தேதி குறிக்கலாம். நாங்கள் டிசம்பரில் கடற்கரை திறந்த பிறகு போய்ச் செய்தோம். "நான் போய்ப் பார்க்கலையே" என்று யாராவது திரும்பத் திரும்பச் சொன்னால், 'ஊரடங்கு விதிதான் தடுத்தது, நீங்க தடுக்கல' என்று நீங்களும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது.

வீட்டு வைத்தியம் போதாதபோது

இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நேரம், மனசு கனத்தே இருக்கிறது. தூக்கமும் பசியும் போய்விட்டன. பிடித்தது எதிலும் நாட்டமில்லை. நான் ஒரு பாரம் என்ற பேச்சு வருகிறது. இதற்கு மேல் சுவரைப் பார்த்து உட்காருவதும் மாடியில் நடப்பதும் போதாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி இதுவும் மருந்தும் பேச்சும் வேண்டிய ஒரு நோய். அரசு மருத்துவமனைகளில் இதற்கு மருத்துவரும் இலவச மருந்தும் உண்டு. ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், மருந்துக் கடை போக முடியவில்லை என்று திடீரென நிறுத்தவே கூடாது. பத்து நாளுக்கான மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

'செத்துடலாம்னு தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், வராது என்று அக்கா அடித்துச் சொல்வார். மறைத்து வைத்திருந்ததைச் சொல்ல ஒரு வழி கிடைத்ததே என்றுதான் பலர் அழுவார்களாம். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். எலி மருந்து, சாணிப் பவுடர், மாத்திரை டப்பா, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். பேச வேண்டிய எண்கள்: 104 தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை. டெலி-மானஸ் 14416, 2022 அக்டோபரில் வந்தது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். சென்னையில் ஸ்நேகா அமைப்பு 044-24640050. இந்த எண்களை போனில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். வேண்டிய நேரத்தில் போனில் சார்ஜ் இருக்காது, அல்லது போன் வேறொருவர் கையில் இருக்கும்.

கதவு திறந்த பிறகு

ஊரடங்கு முடிந்த அன்றே மனசும் திறந்துவிடாது. முதல் தடவை மார்க்கெட் போகும்போது நெஞ்சு படபடப்பது இயல்பு. முதல் நாள் தெருமுனை வரை, அப்புறம் கடை, அப்புறம் பஸ் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள். கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள்.

ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டில் இருந்த பிள்ளைகள். வாயாடியாக இருந்தவர்கள் வாய் திறக்கவில்லை. சிலர் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே அம்மாவைத் தேடி அழுதார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் பெஞ்சில் உட்காரவே மாட்டாள், சுவரோரமாகத் தரையில்தான். அங்கேயே உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் இன்னொருத்தி போய் உட்கார்ந்தாள். உங்கள் பிள்ளை அப்படி இருந்தால், 'எவ்வளவு பாடம் போச்சு தெரியுமா' என்று முதல் மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், என்ன சாப்பிட்டாய், யார் சிரிக்க வைத்தது என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் முன்பே ஆசிரியரிடம் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள்: யார் இறந்தார்கள், யாருக்கு வேலை போனது, பிள்ளை எதைக் கண்டால் பயப்படுகிறது. எங்களுக்குத் தெரிந்தால் அந்தப் பேச்சை வகுப்பில் தவிர்ப்போம், அந்தப் பிள்ளையைக் கவனித்துக்கொள்வோம்.